கிழக்குச் சுவரில் நான்கு ஜன்னல்

ஜனவரி 24, செவ்வாய்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஓய்வு பெற்ற இந்த எட்டு மாதத்தில் இந்த வேலையில் எனக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் நான் ஆய்ந்து கொடுத்ததை என் மனைவி சொர்ணவல்லி மறுபடி ஒருமுறை ஆய்வாள். இப்போது அப்படியே சட்டியில் போட்டுவிடுகிறாள்.

பத்தரை மணிக்கு ஒரு போன். இலுப்பைக்காட்டுப்பட்டி ஊராட்சித் தலைவர் தங்கமுத்து.

"சார், நல்லா இருக்கீங்களா? நீங்க கட்டுன சமுதாயக் கூடத்தை இடிச்சுப்புட்டு ஏசி மண்டபம் கட்டலாம்னு இருக்கோம். நாளான்னிக்குக் கிராமசபையில தீர்மானம். கட்டுனவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமச் செய்யக் கூடாதுல்ல, அதான்."

என்ன மரியாதை! "செய்யுங்க, செய்யுங்க" என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பார்த்தேன், ஆய்ந்த கீரையையும் காம்பையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறேன்.

1998. யூனியன் ஆபீசில் ஓவர்சியராக இருந்தபோது நானே முழுக்க வரைந்து, நானே நின்று கட்டிய முதல் கட்டடம் அது. மேற்கே வாசல், மேற்கே எட்டு ஜன்னல், கிழக்கே ஒன்றுகூடக் கிடையாது, மேலே மொட்டைக் கான்கிரீட். சித்திரையில் உள்ளே போனால் இட்லிப் பானைக்குள் போன மாதிரி இருக்கும். ஊரில் அதற்கு 'வேக்காட்டு மண்டபம்' என்று பெயர். என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

இடித்தால் ஒழியட்டும் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஜனவரி 26, வியாழன்

கொடியேற்றத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை நேரே இலுப்பைக்காட்டுப்பட்டிக்கு விட்டேன். ஊருணிக்கரைப் புளியமரத்தடியில் கிராமசபை. வழக்கம்போல வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள், கும்பிட்டார்கள், கிளம்பிவிட்டார்கள். தீர்மானம் வாசிக்கும்போது தலைவர், செயலர், ஏழெட்டுப் பேர், நான்.

தங்கமுத்து பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கூடத்தில் நடந்த அவர் மகள் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை வெக்கையில் மயங்கி விழுந்துவிட்டார். "சம்பந்தி வீட்டுல இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க சார்" என்றார்.

அப்புறம் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன்? "இடிச்சா அத்தனை கல்லும் கம்பியும் குப்பை. புதுசா கட்டுனா மறுபடி அத்தனை சிமெண்டு. ஏசிக்குக் கரண்ட்டு வேற. இருக்குறதையே குளுரப் பண்ணிக் காட்டுறேன். மூணு மாசம் குடுங்க." குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

தங்கமுத்து தாடையைச் சொறிந்தார். "சரி சார். மே ஒண்ணு கிராமசபையை அந்தக் கூடத்துக்குள்ளயே வைக்கிறோம். பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். ஃபேன் போடக் கூடாது. வந்தவுகள்ல பாதிப் பேரு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா கூடம் இருக்கட்டும். இல்லைன்னா அங்கயே வச்சு இடிக்கிற தீர்மானம்."

"சரி!" என்றேன். திரும்பி வரும்போது வண்டியிலேயே பாடிக்கொண்டு வந்தேன். அறுபது வயதில் ஒரு ஆளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா? வந்துவிட்டதே.

ஜனவரி 27, வெள்ளி

சொர்ணவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "புளியமர நெழல்லயே அஞ்சு நிமிஷம் உக்காராத சனம், ஒங்க அடுப்புக்குள்ள ரெண்டு மணி நேரம் உக்காருமாக்கும்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஐயோ.

பிப்ரவரி 3, வெள்ளி

'கூடத்தை மாற்றி அமைக்க மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று நோட்டீஸ் ஒட்டினேன். நாற்பது நாற்காலி போட்டேன். சார்ட் பேப்பர், நாலு வண்ணத்தில் பேனா. வந்தது ஒரு ஆடு. அது நோட்டீஸைத் தின்றுவிட்டுப் போனது. படித்துவிட்டுத் தின்றதா என்று தெரியவில்லை.

அரைமணி கழித்து ஒரு அம்மா வந்தார். மகளிர் குழுத் தலைவி ராஜலட்சுமி. கருத்துச் சொல்லத்தான் வந்தாராக்கும் என்று பேனாவைத் திறந்தேன். அவர் வந்தது குழுவின் பாத்திரங்களை எடுக்க. "நல்லவேளை இன்னைக்காச்சும் தொறந்து வச்சிருக்கீங்க. எப்பப் பாத்தாலும் பூட்டு. சாவி யாருகிட்டன்னு தேடுறதுக்குள்ள பொழுது போயிருது. பூட்டிக் கெடக்குற எடத்துல காத்து எப்புடி சார் வரும்?"

எழுதிக்கொண்டேன். சிவப்புப் பேனாவில்.

"சனத்தைக் கூப்புட்டா வராது சார். சனம் இருக்குற எடத்துக்கு நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டுத் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

கண்மாயில் நூறுநாள் வேலை. சார்ட் பேப்பரை வரப்பில் விரித்தேன். பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு சோற்றுத் தூக்கு. எண்பது பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதி கருத்து, பாதி கிண்டல்.

மேற்கு வெயில் தாங்கவில்லை என்று எல்லோருமே சொன்னார்கள். கொடி ஏற்றி மறைக்கலாம், அழகான பூக்கொடியாக இருக்கிறது என்றேன். "பூவப் பறிச்சுக் கொழம்பு வைக்கவா? பீர்க்கை போடுங்க சார், பொடலை போடுங்க" என்றார்கள். மாடித் தண்ணீர் ரோட்டில் கொட்டுகிறது, அதை ஊருணிக்குத் திருப்ப வேண்டும். கல்யாணம் இல்லாத நாளில் பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டும், குழு அங்கே கூட வேண்டும், சாவி ஆணியில் தொங்க வேண்டும்.

ராஜலட்சுமி மட்டும், "மாடிப்படிக் கதவையும் தொறந்து விடுங்க" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

முப்பத்தாறு வருட சர்வீஸில் ஒரு கட்டடத்தைப் பற்றி அதில் உட்காரப் போகிறவர்களிடம் நான் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இன்றுதான் கேட்டேன். இதை யாருக்கும் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 13, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவேன்! சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

காற்று வர ஒரே வழி கிழக்குப் பக்கம். அங்கேதான் ஊருணி, மரங்கள், குளிர்ந்த தரை எல்லாம். அங்கேதான் அய்யனார் கோயிலும். அந்தச் சுவரில் ஜன்னல் இல்லாததற்குக் காரணமே கோயில்தான். கூடத்தில் கறிச்சோறு போடுவார்கள், அந்த வாசனை சாமி பக்கம் போகக் கூடாது, ஜன்னல் வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டதாக அப்போதைய கான்ட்ராக்டர் வந்து சொன்னார். ஊர்க்கட்டுப்பாடு ஆயிற்றே என்று நானும் வரைபடத்தில் நாலு ஜன்னலையும் கோடு போட்டு அடித்தேன்.

இப்போது மறுபடி திறக்க வேண்டும். யாரிடம் கேட்பது? கோயில் பூசாரி பிச்சையிடம். அவர்தான் ஊருக்குக் கொத்தனாரும். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். தேங்காய் பழத்தட்டு வேறு. குரலைத் தாழ்த்தி, "சாமி பக்கமா ஜன்னல் வச்சா ஊருல ஒத்துக்குவாங்களா?" என்றேன்.

பிச்சை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன சார் இது? அப்பவே நாங்க கேட்டதுதானே! கூடத்துல உக்காந்தவாக்குலயே சாமி பாக்கணும், நாலு சன்னல் வைங்கன்னு சொன்னோம். இஞ்சினியரு முடியவே முடியாதுன்னுட்டாருன்னு கான்ட்ராக்டரு வந்து சொன்னாரு. படிச்சவுக சொன்னா ஏதாச்சும் இருக்கும்னு விட்டுட்டோம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாலு ஜன்னல் வேலை மிச்சம் பிடித்த அந்தப் புண்ணியவான் இப்போது உயிரோடு இல்லை. இருபத்தைந்து வருடம்! ஊருக்குப் பயந்து நானும், எனக்குப் பயந்து ஊரும், ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு வெந்திருக்கிறோம்.

கோயில் வாசலில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அய்யனார் குதிரையும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றது.

பிப்ரவரி 14

பல் தேய்க்கும்போது மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. சட்டையெல்லாம் பேஸ்ட்.

மார்ச் 1, புதன்

கிழக்குச் சுவரில் முதல் ஓட்டை. பிச்சை உளியை வைத்து அடிக்க, ஒரு செங்கல் வெளியே விழுந்தது. அந்த ஒரு செங்கல் அகலத்துக்குக் காற்று வந்து என் மூக்கில் மோதியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஊருணித் தண்ணீர் வாசனை.

"இங்கிட்டு வந்து நில்லுங்க சார், இங்கிட்டு!" என்று பிச்சை என்னை இழுத்து நிறுத்தினார். இரண்டு பேரும் மாறி மாறி அந்த ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மார்ச் 24, வெள்ளி

வேலை பறக்கிறது. நாலு ஜன்னலும் வைத்தாயிற்று, பழைய மரச் சட்டங்களில். மேற்குச் சுவரில் உயரத்தில் வெப்பம் வெளியேற ஒரு வரிசைத் துளை. பீர்க்கங்கொடி ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்று மாடி முழுக்க மூன்று பூச்சுச் சுண்ணாம்பு அடித்து முடித்தோம். வெயிலைத் திருப்பி அனுப்ப அதைவிடச் சுலபமான வழி இல்லை. பஞ்சாயத்தில் வருடா வருடம் வெள்ளையடிக்க ஒதுக்குவதே போதுமானதாக இருந்தது.

மாடியில் நிற்க முடியவில்லை, அவ்வளவு வெண்மை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்தேன். ஒரு சுற்று என்ன, நாலு சுற்று.

மூன்று மணிக்கு வெளியே 38 டிகிரி, உள்ளே 36. போன மாதம் உள்ளேதான் அதிகமாக இருந்தது. சொர்ணவல்லிக்குப் போன் போட்டு "முப்பத்தாறு! முப்பத்தாறு!" என்று கத்தினேன். காய்ச்சலா என்று கேட்டாள்.

மார்ச் 28, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

மத்தியானம் போய்ப் பாக்குறேன், மாடி முழுக்க மொளகா! ஒரு சாண் எடம் விடாம சேலையை விரிச்சு மொளகா, புளி, கூழ்வடகம், மோர்மொளகா. என் வெள்ளை மாடி செக்கச்செவேல்னு கெடக்கு. நடந்து நடந்து சுண்ணாம்பு பேந்து போச்சு. உள்ள பாத்தா 38. ரெண்டு டிகிரி ஏறிருச்சு. ஏறாம என்ன செய்யும்?

கத்திவிட்டேன். "யாரு இங்க காயப்போடச் சொன்னது? இது என்ன களமா?" ராஜலட்சுமி படியேறி வந்தார். கையில் ஒரு பிடி மிளகாய். என் முகத்துக்கு நேரே நீட்டினார். மிளகாய் வெள்ளையாக இருந்தது.

"எங்க மொளகாயெல்லாம் ஒங்க சுண்ணாம்பு! இதை இடிச்சுக் கொழம்பு வச்சா வாய் வெந்துரும். சுத்தமா வெள்ளையா இருக்கேன்னு ஊரே கொண்டாந்து போட்டுச்சு. மாடி யாருக்குத்தான் சார்? ஊருக்கா, ஒங்க டிகிரிக்கா?"

மாடிப்படிக் கதவைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் பையில்தான் இருக்கிறது. குத்துகிறது.

மார்ச் 30, வியாழன்

இரண்டு நாளாகப் போகவில்லை. சொர்ணவல்லி சட்டையைத் துவைக்கப் போட்டபோது சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பூட்டிக் கிடந்ததுதான் குறை என்று சொன்னவர்களிடம் போய்ப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் அவர் சொன்னதைச் சிவப்புப் பேனாவில் எழுதிக்கொண்ட நான்! வெட்கமாக இருக்கிறது.

மாலையில் போய்க் கதவைத் திறந்துவிட்டுச் சாவியை ராஜலட்சுமி வீட்டில் கொடுத்தேன். "இனிமே உங்ககிட்ட இருக்கட்டும்மா. கத்துனதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றேன். "காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன்.

ஏப்ரல் 6, வியாழன்

ஆஹா! ஆஹா! ஆஹா!

முதலில் எண்ணை எழுதிவிடுகிறேன். வெளியே 39. உள்ளே 35.

சுண்ணாம்பு ஒட்டாமல் இருக்கப் பெண்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். சவுக்குக் கம்பு ஊன்றி, இடுப்புயரத்துக்குச் சட்டம் கட்டி, அதன் மேல் கொசுவலையும் பழைய சேலையும் இழுத்துக் கட்டி, அதில் காயப் போட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு அல்ல, மாடி முழுக்க. கீழே சுண்ணாம்பு பத்திரம், மேலே மிளகாய் பத்திரம், நடுவே காற்று ஓடுகிறது. மாடிக்கு மேல் இன்னொரு மாடி! வெயில் மிளகாயோடு நின்றுவிடுகிறது, கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை.

இரட்டைக் கூரை என்று நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படம் போட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறேன். அது வடகத்துக்குள் ஒளிந்திருக்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ராஜலட்சுமியிடம் தெர்மாமீட்டரைக் காட்டினேன். "கொறஞ்சிருக்கா?" என்றார். "நாலு டிகிரிம்மா!" என்று குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், முட்டி வலிக்கிறது. "வடகமும் ஒரே நாள்ல காஞ்சிருச்சு சார், கீழ காத்து ஓடுதுல்ல" என்றார். அவருக்கு அவர் கணக்கு. அதுதான் சரி.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. கூடத்துப் பீர்க்கங்காயில் கூட்டு. மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 29, சனி

நாளை மறுநாள்.

கூடம் குளிர்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. சனம் உட்காருமா? பிள்ளைகள் சாயங்காலம் வந்து படிக்கிறார்கள், குழு கூடுகிறது. ஆனால் கிராமசபை என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதானே பழக்கம்? அந்தப் பழக்கத்துக்கு எத்தனை ஜன்னல் வைப்பது?

பாதிப் பேருக்கு மேல் எழுந்து போனால் திங்கட்கிழமை ஒரு மணிக்கு அதே கூடத்தில் உட்கார்ந்து அதை இடிக்கும் தீர்மானத்தைக் காதால் கேட்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. "வாரேன், நானும் வாரேன்" என்றாள் சொர்ணவல்லி. "நான் ஒரு ஆளு கடைசி வரைக்கும் உக்காந்திருப்பேன்ல." அவளுக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது.

மே 1, திங்கள்

நடந்தபடியே எழுதிவிடுகிறேன், ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

பதினொன்றுக்கு வெளியே 38. உள்ளே 33. எல்லா ஃபேனும் நிறுத்தம், தங்கமுத்து தன் கையாலேயே சுவிட்சைத் தட்டினார். வருகைப் பதிவேட்டில் நூற்று அறுபத்தெட்டுக் கையெழுத்து. நான் ஒரு மூலையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்ட முதல் ஆள், ஒரு பெரியவர், வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பினார். வெளியே பார்த்தார். வெயில் கொளுத்தியது. திரும்பி உள்ளே பார்த்தார். கிழக்கு ஜன்னலோரம் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்! அவரைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் இடம்பிடிக்கப் போட்டியே நடந்தது. கிழக்குப் பக்கம் நிரம்பி வழிந்தது.

தீர்மானங்களை வாசிக்க இருபது நிமிடம் ஆனது. வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இன்று யாருக்கும் எழுந்து போக மனசில்லை. சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தெற்குத் தெருவில் விளக்கு எரியாதது ஏன்? தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? சுடுகாட்டுப் பாதைக்குப் போட்ட கிராவல் எங்கே? செயலர் ஒவ்வொரு பதிவேடாகப் போய் எடுத்து வந்தார். ஒரு அம்மா போன வருடத் தீர்மானத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அந்த ஊரில் தீர்மானத்தைத் திரும்ப வாசித்தது அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். ஒரு மணி ஆயிற்று. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. தங்கமுத்து பார்த்தார். அவர் ஒருவருக்குத்தான் வியர்த்தது.

"சார், மணி ஒண்ணாச்சு" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என் காதருகே குனிந்தார். "ஆளு யாரும் போகலைங்குறது எனக்கும் தெரியுது சார். நீங்க செயிச்சிட்டீங்க. ஃபேனு எதையாச்சும் போட்டு, மக்களைக் கௌம்பச் சொல்லுங்க!"

ஃபேன் போட்டோம். இன்னும் வசதியாகப் போய்விட்டது. கூட்டம் மூன்றேகால் வரை நடந்தது.

கடைசித் தீர்மானம்: கூடத்தை இடிப்பது கைவிடப்படுகிறது, பராமரிப்பும் சாவியும் மகளிர் குழுவிடம். கை தூக்கச் சொன்னார்கள். எண்ண முடியவில்லை, எனக்குக் கண் மங்கிவிட்டது. சொர்ணவல்லியும் கை தூக்கியிருந்தாள். செயலர் வேண்டாம் என்று சைகை காட்டியும் இறக்கவில்லை.

மே 2

காலை பத்து மணி வரை தூங்கினேன். அழுதேன் என்றும் எழுதலாம். நானே படிக்கும் நோட்டுத்தானே.

மே 23, செவ்வாய்

கத்திரி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடத்துக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே காலெடுத்து வைக்க இடமில்லை. ஊரில் பாதி அங்கேதான் படுத்திருந்தது. கைப்பிள்ளைக்காரிகள், கண்மாய் வேலையிலிருந்து வந்தவர்கள், வாய் திறந்து தூங்கும் பிச்சை. ராஜலட்சுமி தலையை மட்டும் தூக்கி, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெர்மாமீட்டர் தொங்கும் தூணைப் பார்த்தேன். அங்கே போக வேண்டுமென்றால் முப்பது பேரைத் தாண்ட வேண்டும். விட்டுவிட்டேன். கிழக்கு ஜன்னல் ஒன்றின் கீழே ஓர் ஆள் படுக்கும் அளவுக்குக் கொஞ்சம் இடம் தெரிந்தது. ஓசைப்படாமல் போய்ப் படுத்தேன்.

பக்கத்தில் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தவர் துண்டை விலக்காமலே சொன்னார்: "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் படுங்க சார். காத்தை மறைக்கிறீங்க."

தங்கமுத்து குரல். தள்ளிப் படுத்தேன்.